ஒரே செய்தி, உறுப்புக்கொரு பதில்

கதண்டு கொட்டிய ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உதடும் இமையும் வீங்கிவிட்டன. உடம்பெங்கும் தடிப்பு. மூச்சு விடும்போது விசில் சத்தம். நாடி பிடித்துப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம். இப்படிப்பட்ட கடும் ஒவ்வாமைக்கு உலகெங்கும் முதல் மருந்து ஒன்றுதான்: அட்ரீனலின். கண்ணாடிக் குப்பியை உடைத்து, பெரியவர் என்றால் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஊசியாகப் போடுவார்கள். அதில் இருப்பது அரை மில்லிகிராம் மருந்து. பெரும்பாலும் சில நிமிடங்களில் நாடி திரும்புகிறது, மூச்சுத் திணறல் அடங்குகிறது.

அந்தச் சில நிமிடங்களில் உள்ளே நடப்பதைக் கவனித்தால் ஒரு புதிர் புலப்படும். விரிந்து கிடந்த இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. இறுகிக் கிடந்த மூச்சுக் குழாய்கள் தளர்கின்றன, காற்று நுழைகிறது. இரண்டு குழாய்களின் சுவரிலும் இருப்பது மென்தசை என்ற ஒரே வகைத் தசைதான். ஆனாலும் ஒரே மருந்து ஒன்றை இறுக்குகிறது, மற்றதைத் தளர்த்துகிறது. அதே சமயம் இதயத்தை விரட்டுகிறது, குடலை அடக்கி வைக்கிறது, கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் கொட்டச் சொல்கிறது.

26 அணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு சின்ன மூலக்கூறுக்குள் இத்தனை ஆணைகளை எழுதிவைக்க இடமில்லை. எழுதியும் வைக்கவில்லை. அட்ரீனலினுக்கென்று சொந்த அர்த்தம் எதுவும் கிடையாது. அர்த்தம் முழுக்க அதைப் பெறுகிற செல்லின் கையில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் செல்லின் மேற்பரப்பில் பதிந்திருக்கும் ஏற்பி என்ற புரதத்திலும், அந்தப் புரதத்துக்குப் பின்னால் செல் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

ஏற்பி மேற்பரப்பில் இருக்கவேண்டிய காரணம் எளிது. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. கனம் சுமார் 5 நானோமீட்டர்; 2 லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். இவ்வளவு மெலிந்த சவ்வுதான் என்றாலும், நீரில் கரைகிற, மின்னூட்டம் கொண்ட அட்ரீனலினால் அதை எளிதில் தாண்ட முடியாது. கார்ட்டிசால், ஈஸ்ட்ரோஜன் போன்ற கொழுப்பு இன ஹார்மோன்கள் நழுவி உள்ளே போய்விடும். அவற்றுக்கான ஏற்பிகள் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருக்கின்றன. அட்ரீனலின், இன்சுலின் போன்றவை வாசலோடு நிற்க வேண்டியவை. செய்தி மட்டும் உள்ளே போக வேண்டும்.

அப்படி ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று முதலில் வாதிட்டவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி. 1905இல் அவர் வெளியிட்ட ஆய்வு கோழியின் தசையில் நடந்தது. தசைக்குப் போகும் நரம்பை வெட்டி, அது நசித்துப்போகும்வரை காத்திருந்து, பிறகு நிக்கோட்டினைத் தடவினார். நரம்பு இல்லாமலே தசை சுருங்கியது. க்யூராரே என்ற அம்பு விஷத்தைக் கொடுத்தார், நிக்கோட்டின் பலிக்கவில்லை. ஆனால் நேரடியாக மின்சாரம் கொடுத்தால் தசை அப்போதும் சுருங்கியது. ஆக, விஷம் தாக்கியது நரம்பையும் அல்ல, சுருங்கும் பொறியையும் அல்ல. இரண்டுக்கும் நடுவே, செய்தியை ஏற்றுக்கொள்ளும் ஏதோ ஒரு பொருளை. கண்ணால் பார்க்காத ஒன்றை இவ்வளவு சுத்தமாக நிரூபித்த சோதனைகள் உயிரியலில் அதிகமில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் ஹென்றி டேல் என்ற இளைஞர், தானியத்தில் வளரும் எர்கட் பூஞ்சையின் சாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் அட்ரீனல் சுரப்பியின் சாறு ஒன்று பரிசோதனைக்கு வந்தது. அன்றைய எர்கட் சோதனையில் பயன்படுத்திய பூனைக்கே அதையும் செலுத்தினார். ஏறவேண்டிய இரத்த அழுத்தம் ஏறவில்லை. சாறு கெட்டுப்போனது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த முறையும் அதே கதை நடந்தபோதுதான், குற்றம் சாற்றில் இல்லை, பூனைக்கு முன்பே கொடுத்த எர்கட்டில் இருக்கிறது என்று உறைத்தது. எர்கட் பெற்ற உடம்பில் அட்ரீனலின் அழுத்தத்தை இறக்கவே செய்தது. 1906இல் இதை வெளியிட்டார். அட்ரீனலினின் ஒரு பாதி வேலையை எர்கட் அடைத்துவிட்டது, மறுபாதி வெளியே தெரிந்தது என்று இன்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அன்று அதைச் சொல்ல ஆளில்லை.

சொன்னவர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், 1948இல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில். அட்ரீனலினும் அதன் உறவுக்கார வேதிப்பொருட்களுமாக ஆறு சேர்மங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு உறுப்பிலும் எது வலுவாக வேலை செய்கிறது, எது மந்தமாக என்று வரிசைப்படுத்தினார். உறுப்புக்கு உறுப்பு வரிசை மாறும் என்றால் குழப்பம், அப்படிக் கண்டபடி மாறவில்லை. மொத்தம் இரண்டே வரிசைகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. இரண்டு வரிசை என்றால் இரண்டு வகை ஏற்பி: ஆல்ஃபா, பீட்டா. தோலின் இரத்தக் குழாயில் ஆல்ஃபா, இதயத்திலும் மூச்சுக் குழாயிலும் பீட்டா. கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. வேறொரு இதழில் வந்த பிறகும் பத்தாண்டு காலம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலிக்கு அன்றைய வைத்தியம், இதயத்துக்குப் போகும் இரத்தத்தைக் கூட்டப் பார்ப்பது. பிளாக் கணக்கைத் திருப்பிப் போட்டார்: வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாமே? பதற்றத்தில் இதயத்தை விரட்டுவது அட்ரீனலினும் அதன் நெருங்கிய உறவான நார்அட்ரீனலினும். அவை பீட்டா ஏற்பியில் உட்காராதபடி வேறொன்றை அங்கே உட்கார வைத்துவிட்டால் இதயம் நிதானிக்கும். அதிலிருந்து பிறந்ததுதான் 1964இல் அறிமுகமான ப்ரோப்ரனலால். இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் விற்கும் அட்டினலால், மெட்டோப்ரலால் எல்லாம் அதன் தம்பிகள். பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவுக்கும் பிறகு, ஏற்பி என்பது வெறும் பேச்சு வழக்கு, உண்மையில் அப்படி ஒரு பொருள் இல்லை என்று கருதியவர்கள் 1960களிலும் இருந்தார்கள். ஆல்குவிஸ்ட்டே அதை ஒரு கருத்தாகத்தான் வைத்திருந்தார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வாசலில் நின்ற செய்தி உள்ளே எப்படிப் போகிறது என்பது ஓரளவு பிடிபடவே நெடுநாள் ஆயிற்று.

அதைப் பிடித்தவர் ஏர்ல் சதர்லாண்ட். 1950களில், கிளீவ்லாந்தில். முழுசாக, உயிரோடு இருக்கும் செல்லில்தான் ஹார்மோன் வேலை செய்யும், செல்லை உடைத்தால் எல்லாம் போச்சு என்பது அன்றைய நம்பிக்கை. அவர் உடைத்துப் பார்த்தார். கல்லீரலை அரைத்த கூழில் அட்ரீனலினைச் சேர்த்தபோது, சர்க்கரையை வெட்டி எடுக்கும் நொதி விழித்துக்கொண்டது. கூழைச் சுழற்றிப் படிவைத் தனியே, மேலே தெளிந்த நீரைத் தனியே பிரித்தார். நொதி இருப்பது தெளிந்த நீரில். ஆனால் அந்த நீரில் மட்டும் அட்ரீனலினைச் சேர்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. உடைந்த சவ்வுகள் இருந்த படிவை எடுத்து, அதில் அட்ரீனலினையும் ஏ.டி.பி. என்ற எரிபொருளையும் சேர்த்து வைத்தார். பிறகு அதைக் கொதிக்க வைத்தார். கொதித்தால் புரதமெல்லாம் கெட்டுவிடும். அந்தக் கொதித்த சாற்றில் கொஞ்சம் எடுத்துத் தெளிந்த நீரில் விட்டார். நொதி விழித்தது.

அட்ரீனலினின் வேலை சவ்வோடு முடிந்துவிட்டது, சவ்வு வேறொரு சின்னப் பொருளைத் தயாரித்து உள்ளே அனுப்புகிறது, அது கொதித்தாலும் சாகாது என்பது ஒரே சோதனையில் தெரிந்துபோனது. அந்தப் பொருள்தான் சைக்ளிக் ஏ.எம்.பி. இரண்டாம் தூதன் என்று அதற்குப் பெயர். சதர்லாண்ட் 1971இல் நோபல் பெற்றார். உயிர்வேதியியல் வகுப்புகளில் இந்தச் சோதனையை ஒரு வரியில் தாண்டிவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்.

ஏற்பியும் சைக்ளிக் ஏ.எம்.பி.யைத் தயாரிக்கும் நொதியும் இரண்டு தனித்தனிப் புரதங்கள். இடையில் ஓடுவது மூன்றாவது ஒன்று: ஜி-புரதம். மார்ட்டின் ராட்பெல்லும் ஆல்ஃபிரட் கில்மனும் அதைக் கண்டறிந்து 1994இல் நோபல் பெற்றார்கள். ஏற்பியையே பிடித்துக் காட்டும் வேலை ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் தலையில் விழுந்தது. இதய மருத்துவரான அவர் ட்யூக் பல்கலைக்கழகத்தில், ஏற்பியில் ஒட்டும் மருந்துகளுக்குக் கதிரியக்க அடையாளம் பூசி, அது எங்கே போய் ஒட்டுகிறது என்று துரத்தினார். ஒரு செல்லில் ஏற்பி இருப்பது சொற்பம். மற்ற புரதங்களிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய லட்சம் மடங்கு சுத்திகரிக்க வேண்டியிருந்தது. 1986இல் அவரும், அவருடைய ஆய்வகத்தில் இருந்த பிரையன் கோபில்காவும், சக ஆய்வாளர்களும் பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைப் படித்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அது கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் ரொடாப்சினைப் போலவே இருந்தது. இரண்டிலும் புரதச் சங்கிலி சவ்வை ஏழு முறை துளைத்துச் செல்கிறது.

வெளிச்சத்தைப் பார்ப்பதும், பயத்தில் நெஞ்சு படபடப்பதும் ஒரே குடும்பத்துப் புரதங்களின் வேலை. பிறகு பார்த்தால் மல்லிகை மணமும் அந்தக் குடும்பம்தான், இனிப்பும் கசப்பும் அந்தக் குடும்பம்தான். மனிதரிடம் இந்த ஏழு சுருள் ஏற்பிகள் சுமார் 800 உண்டு. அதில் பாதியளவு மூக்குக்கே போய்விடுகிறது. புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தின் ஏதோ ஓர் உறுப்பினரைத்தான் குறிவைக்கிறது. (இன்சுலின் ஏற்பி வேறு குடும்பம், லாங்லியின் கோழித்தசையில் இருந்தது, தானே திறந்து அயனிகளை உள்ளே விடும் இன்னொரு குடும்பம். அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

கோபில்கா இந்தப் புரதத்தைப் படிகமாக்கிப் படம் பிடிக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் போராடினார். ஓயாமல் நெளியும் பொருளைப் படிகமாக்குவது கடினம். 2007இல் முதல் படம் கிடைத்தது. 2011இல் அதைவிடப் பெரியது: ஏற்பி விழித்த நிலையில், ஜி-புரதத்தோடு கைகோத்திருக்கும் படம். அந்த ஜோடி பிரியாமல் பிடித்து வைக்க உதவியது, ஒட்டகத்தின் உறவினமான லாமா என்ற விலங்கின் உடலில் உண்டாக்கிய ஒரு குட்டி ஆன்டிபாடி. மறு ஆண்டே லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் நோபல்.

அந்தப் படத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். 413 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, ஏழு சுருள்களாகச் சவ்வில் நிற்கிறது. வெளிப்பக்கத்தில், சுருள்களுக்கு நடுவே ஒரு குழி. அட்ரீனலினின் ஒரு முனையில் நேர்மின்னூட்டம் கொண்ட நைட்ரஜன். அது குழியில் 113ஆம் இடத்தில் இருக்கும் எதிர்மின்னூட்ட அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனையில் ஒரு வளையமும் இரண்டு ஹைட்ராக்சில் கைகளும்; அவை ஐந்தாம் சுருளைத் தொட்டு உள்நோக்கி இழுக்கின்றன. அந்த இழுப்பு ஒரு நானோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அது சுருள் சுருளாகக் கடத்தப்பட்டு, செல்லின் உட்பக்கத்தில் ஆறாம் சுருளின் அடி முனை 1.4 நானோமீட்டர் வெளியே விலகுகிறது. மேலே ஒரு சின்னத் தொடுகை, கீழே ஒரு பெரிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஜி-புரதத்தின் வால் நுழைகிறது. அது பிடித்து வைத்திருந்த GDP என்ற சின்ன மூலக்கூறு உதிர்ந்து, அந்த இடத்தில் அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலான அதன் அண்ணன் GTP வந்து அமர்கிறது. அவ்வளவுதான், ஜி-புரதம் விழித்துவிட்டது.

பாடப்புத்தகங்கள் இதைப் பூட்டு, சாவி என்று சொல்லிவிட்டுப் போகும். பாதி சரி. பூட்டு சாவி வரும்வரை அசையாது, ஏற்பி அப்படியல்ல. ஹார்மோன் இல்லாதபோதும் நெளிந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது தானாகவே விழித்த நிலைக்குப் போய்வரும். அட்ரீனலின் வந்து உட்கார்ந்தால் அந்த நிலையில் தங்கும் நேரம் கூடுகிறது. ப்ரோப்ரனலால் போன்றவை உட்கார்ந்தால் குறைகிறது.

இனி பெருக்கம். ஒரு விழித்த ஏற்பி பல ஜி-புரதங்களை எழுப்பும். எழுந்த ஜி-புரதம் நொதியைத் தட்டிவிட, அது சைக்ளிக் ஏ.எம்.பி.யை வரிசையாகத் தயாரித்துத் தள்ளும். அவை இன்னொரு நொதியை எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, கடைசியில் கல்லீரலிலிருந்து சர்க்கரை கிராம் கணக்கில் வெளியேறுகிறது. இத்தனைக்கும் சும்மா இருக்கும் ஒருவரின் ஒரு லிட்டர் இரத்தத்தில் அட்ரீனலின் மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

ஆரம்பப் புதிருக்கு இப்போது விடை கிடைக்கிறது. இரத்தக் குழாயின் ஆல்ஃபா ஏற்பி வேறொரு ஜி-புரதத்தோடு சேர்ந்து, செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றுகிறது, தசை இறுகுகிறது. மூச்சுக் குழாயின் பீட்டா-2 ஏற்பி சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றுகிறது; தசை தளர்கிறது. சரி, அப்படியானால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்றால் தளர்வு என்று அர்த்தமா? அதுவும் இல்லை. இதயத்தின் பீட்டா-1 ஏற்பியும் அதே சைக்ளிக் ஏ.எம்.பி.யைத்தான் ஏற்றுகிறது; அங்கே தசை இன்னும் பலமாகச் சுருங்குகிறது. உள்ளே போன தூதனுக்கும் சொந்த அர்த்தம் கிடையாது. எந்தச் செல், அது எந்தப் புரதங்களைத் தயார் செய்து வைத்திருக்கிறது என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கிறது.

மருத்துவர்கள் இதைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்துவதும் உண்டு. ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறவருக்குக் கடும் ஒவ்வாமை வந்தால், பீட்டா ஏற்பிகள் அடைபட்டிருப்பதால் அட்ரீனலின் சரியாகப் பலிக்காமல் போகலாம். அப்போது குளுக்ககான் என்ற வேறொரு ஹார்மோனை ஊசியில் ஏற்றுவார்கள். அதற்கென்று தனி ஏற்பி உண்டு. ஆனால் அந்த ஏற்பியும் அதே ஜி-புரதத்தைத்தான் எழுப்புகிறது.

எழுப்புவது எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் தூங்க வைப்பது. ஜி-புரதம் தன்னிடம் உள்ள கூடுதல் பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிட்டுச் சில விநாடிகளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு காலரா. காலராக் கிருமி குடலுக்குள் விடும் நச்சு, குடல் செல்லுக்குள் நுழைந்து இந்த ஜி-புரதத்தின் வெட்டும் திறனைக் கெடுத்துவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறிக்கொண்டே போகிறது, குளோரைடு வெளியேறுகிறது, உப்போடு தண்ணீரும் போகிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். அந்த நச்சைக் கண்டுபிடித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் குடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் அதற்குள் செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடல் நீர் கோத்து வீங்கியது. 1959இல் நேச்சர் இதழில் வந்த சின்னக் கட்டுரை அது. நோபல் குழு தவறவிட்ட பெயர்களில் இது முக்கியமானது என்பது என் தீர்ப்பு.

நச்சு கெடுக்காத ஒரு வழி அந்தக் குடலில் மிச்சமிருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக உள்ளே வரும் கடத்துப் புரதம் அது. அதற்கு ஜி-புரதத்தின் தயவு தேவையில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் வேலை செய்வது அந்த வழியில்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது பான்காவ் அகதி முகாமில் திலீப் மகலானபிஸ் இதைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த காலரா சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஏற்பிக்கும் ஓர் அடக்கும் ஏற்பாடு உண்டு. ஒரே செய்தி விடாமல் தட்டிக்கொண்டிருந்தால், செல் அந்த ஏற்பியின் உட்பக்க வாலில் பாஸ்பேட் குறி போடுகிறது. அரெஸ்டின் என்ற புரதம் வந்து வாலை மூடுகிறது. ஏற்பி சவ்வோடு சேர்த்து உள்ளே இழுக்கப்படுகிறது. ஆஸ்துமாக்காரர்கள் வைத்திருக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் பீட்டா-2 ஏற்பியை எழுப்புகிற மருந்து. அடிக்கடி இழுத்துக்கொண்டே இருந்தால் அதன் பலன் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைவிட முக்கியம், அது குழாயைத் தளர்த்துமே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதனால்தான் 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்கின்றன. அழற்சிக்கான ஸ்டீராய்டு இன்ஹேலரை, "பழகிவிடும்" என்று பயந்து ஒதுக்குவது நம் வீடுகளில் சகஜம். ஒதுக்காதீர்கள்.

இன்னொன்று. பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்து இதயத்துக்கு நல்லது செய்யும்போதே, மூச்சுக் குழாயைத் தளர்த்தும் ஏற்பியையும் அடைத்துவிடக்கூடும். ப்ரோப்ரனலால் ஒற்றைத் தலைவலிக்கும் கைநடுக்கத்துக்கும்கூடத் தரப்படுகிறது. கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் இதே இனம். கண்ணில் விட்டது கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலந்து நுரையீரல்வரை போகும். ஆகவே உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஆஸ்துமா இருந்தால், இதய மருத்துவரிடம் மட்டுமல்ல, தலைவலிக்குப் பார்க்கிறவரிடமும் கண் மருத்துவரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பீட்டா மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அதுவும் இதயத்துக்கு ஆபத்து.